வலத்தோளுக்கு அரை அங்குலம்

படம் வந்தபோது நான் குசினியில் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதிள். அலுமாரிக்கு மேலே கிடந்த போன் நாலு தரம் கிணுகிணுத்தது. கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிப்போய் எடுத்தேன்.

நாலு படங்கள். முன்பக்கம், முதுகுப்பக்கம், இடம், வலம். பாரிசில் ஏதோ ஒரு அறையில், வெள்ளைச் சுவர் ஓரமாக என் மகள் ஜெனிற்றா நிற்கிறாள். ஜீன்சுக்கு மேலே, நான் பழைய பெட்சீற்றில் தைத்து அனுப்பிய சாறிச்சட்டை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. முகம் தேவையில்லை, சட்டையை மட்டும் எடுத்து அனுப்பு என்று சொன்னது நான்தான். தையற்காரியின் புத்தி அப்படி. ஒன்பது வருடமாகக் கையால் தொடாத பிள்ளையின் படத்தில் முகம் வேண்டாம் என்று சொன்ன தாய் யாழ்ப்பாணம் குருநகரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதுகுப் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். கழுத்தடியிலிருந்து வலக் கையடிக் கமக்கட்டை நோக்கிச் சரிவாக ஒரு சுருக்கம் ஓடியது. இடப்பக்கம் அப்படி ஒன்றுமில்லை.

வாசலடியில் இவர், என் மனிசன், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலைக்கண் மாட்டியிருந்ததால் எழும்ப முடியாது. போனைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

வடிவாகத்தானே இருக்கிறது என்றார். சுருக்கத்தைக் காட்டினேன். ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கினால் போய்விடும் என்றார்.

மினுக்கினால் போகிற சுருக்கம் வேறு, உடம்பு விழுத்துகிற சுருக்கம் வேறு. அதை அவருக்கு விளங்கப்படுத்துகிற பொறுமை அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

அளவுச் சட்டை

ஜெனிற்றாவுக்குப் பாரிசில் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். பேசி முடித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளும் அங்கே இருக்கிற ஒரு பாசையூர்ப் பெடியனும் தாங்களே முடித்துவிட்டு எங்களுக்கு அறிவித்தார்கள். நல்ல பெடியன். எனக்குக் குறையில்லை.

குறையெல்லாம், நாங்கள் அங்கே போக முடியாது என்பதுதான். விசாவுக்குப் போட்ட விண்ணப்பம் இரண்டாவது முறையும் திரும்பி வந்தது. அவளுக்கும் அங்கே நிரந்தரக் காட் இன்னும் கைக்கு வரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. ஆக, பெற்ற ஒரே பிள்ளையின் கல்யாணத்தைப் போனில் பார்க்க வேண்டும். அப்படியென்றால் கல்யாணச் சட்டையையாவது என் கையால் தைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வெள்ளைப் பட்டுச் சாறி, வெள்ளைச் சட்டை. சட்டைத்துணி யாழ்ப்பாணம் ரவுனில் வாங்கினேன். மூன்று கடை ஏறி இறங்கினேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அளவுநாடாவில் நம்பிக்கை கிடையாது. யாராவது தைக்கக் கொடுப்பதென்றால், உடம்புக்குப் பிடித்துப்போன ஒரு பழைய சட்டையையும் துணியோடு சேர்த்துத் தருவார்கள். அளவுச் சட்டை. பெருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் யாருடையதோ ஒரு அளவுச் சட்டை கட்டாயம் இருக்கும். தைத்து முடித்ததும் இரண்டும் சேர்ந்து திரும்பிப் போகும்.

ஜெனிற்றாவும் அப்படித்தான் ஒருத்தர் கையில் அளவுச் சட்டை கொடுத்துவிட்டாள். பையைத் திறந்தால், அவள் போகும்போது நான் தைத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சட்டை. என்னிடம் அவளுடைய பற்றனும் இருந்தது. துணியை வெட்டுவதற்கு முன் மட்டைத்தாளில் வெட்டி வைத்துக்கொள்கிற அச்சைத்தான் பற்றன் என்கிறோம். அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் ஒன்பது வருடமாகத் தொங்கிக் கிடந்தது. தூசு தட்டி, சட்டையை அதன்மேல் விரித்துப் பார்த்தேன். நூல் பிசகாமல் பொருந்தியது.

என் பிள்ளை கொஞ்சமும் மாறவில்லை என்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்கும் காட்டினேன்.

மூளையுள்ள தையற்காரி யோசித்திருப்பாள். அந்தச் சட்டையை அந்தத் தாளை வைத்துத்தானே நான் வெட்டினேன், பிறகு பொருந்தாமல் என்ன செய்யும்? அங்கே சாறி உடுக்கிறதே இல்லாத பிள்ளை, தன்னிடம் இருந்த ஒரேயொரு சாறிச்சட்டையை அனுப்பியிருக்கிறாள். போட்டுப் பார்க்கக்கூட இல்லையாம். அம்மா தைத்தது என்பதால் அனுப்பினாளாம்.

கல்யாணச் சட்டை என்றால் நான் நேரே பட்டில் கை வைக்க மாட்டேன். முதலில் ஒரு பழந்துணியில் தைத்து, போட்டுப் பார்க்கச் சொல்வேன். அதுதான் அந்த பெட்சீற் சட்டை. கையில் கிடைத்த அன்று ஜெனிற்றா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கையும் பெட்சீற்றோ அம்மா" என்றாள். என் கஞ்சத்தனத்தைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். 'உங்கையும்', அங்கேயும் என்று ஏன் சொன்னாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

எப்போதும் ஒரு சுற்றுப் பெரிது

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெனிற்றாவுக்கு நான் ஒருநாளும் அளவாகத் தைத்ததில்லை.

தையல் மெசினை நான் வாங்கிய கதையை இந்தப் பத்திரிகைத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். அந்த மெசினின் தலையை மட்டும் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, சண்டைக்குப் பயந்து ஊரோடு ஊராக நாங்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது ஜெனிற்றா கைக்குழந்தை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய். இவர் இடுப்பில் உடுக்கிற சாரம் ஒன்றைக் கிழித்து அவளுக்கு இரண்டு சட்டை தைத்தேன். எத்தனை மாதம் இருப்போம், அடுத்த துணி எப்போது கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் வளருகிற பிள்ளைக்கு எப்படி அளவாகத் தைப்பது? தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி, கீழ் மடிப்பில் ஒரு சாண் துணி. பிள்ளை வளர வளர அவிழ்த்து விட்டேன். ஊர் திரும்பினோம், கடை திறந்தது, துணி மலிந்தது. என் கை மட்டும் அந்த வகுப்பறையை விட்டு வரவில்லை.

கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்க அவள் போட்ட முதல் நன்மைச் சட்டையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கை விரல்நுனி வரைக்கும். மெழுகுதிரியைப் பிடிக்க விரல் வெளியே வரவில்லை. வரிசையில் நின்ற சிஸ்டர், இது அக்காவின் சட்டையா என்று கேட்டிருக்கிறா. அக்காவே இல்லாத பிள்ளை வெட்கத்தில் ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

வளர்ந்த பிறகு மெசினுக்குப் பக்கத்தில் இருந்து எனக்கு உதவி செய்வாள். வெளிநாட்டுக்கு ஒரேயடியாகப் போகிற பெட்டையளுக்குத் தைக்கும்போது உள்ளே துணி விடாமல் ஒட்ட நறுக்கிவிடுவோம். அங்கே யார் இருந்து அவிழ்க்கப் போகிறார்கள்? திரும்பவும் என் கைக்கு வருகிற சட்டைக்குத்தான் உள்ளுக்குத் துணி. அந்த நறுக்கிற வேலை ஜெனிற்றாவுடையது. கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டே, இவளவை குடுத்து வைத்தவளவை, அளவான சட்டை போடுகிறாளவை என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

அவளே ஒரேயடியாகப் போனபோது, அந்த மாம்பழ நிறச் சட்டைக்கும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்தேன். கண்டாள். கத்தரிக்கோலைத் தொடாமல் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

சுவர் நேராக நின்றது

மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் போனோடு குந்தினேன். ஒரு சட்டை எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று பார்த்தால் உள்ளே இருக்கிற உடம்பைச் சொல்லிவிடலாம். வலத்தோள் இடத்தோளைவிட இறங்கியிருந்தது. வலக்கையின் மேற்பகுதியில் துணி இறுக்கிப் பிடித்து வளையம் வளையமாகச் சுருங்கியிருந்தது. பின்கழுத்து முதுகோடு ஒட்டாமல் நின்றது, முதுகு கொஞ்சம் கூனியிருந்தால்தான் அப்படி நிற்கும்.

நான் குளிப்பாட்டி வளர்த்த உடம்பு. அதில் இது ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் அந்தத் தோளை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாக அதற்குச் சேட் தைத்து வருகிறேன். வலை இழுத்து இழுத்து இவரின் வலத்தோள் இறங்கிப் போனது. இவரின் பற்றனில் வலத்தோளை அரை அங்குலம் இறக்கி வெட்டி வைத்திருக்கிறேன். ஒருமுறை கடையில் ரெடிமேட் சேட் வாங்கிப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். கொலர் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது. கடைக்காரனுக்கு வெட்டத் தெரியவில்லை என்று ஏசினார். நானும் ஓம் என்று சொல்லி வைத்தேன்.

பிறவியில் வருகிற தோள் அல்ல அது. பாரம் தூக்கினால் வருவது. பாரிசில் ஒரு கடையில் கதிரையில் இருந்து வேலை செய்கிறேன் என்று ஏழு வருடமாகச் சொல்லுகிற பிள்ளைக்கு அது எப்படி வந்தது?

அடுத்த நாள் மத்தியானம் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். தேத்தண்ணிக் கோப்பையோடு கட்டிலில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"உன்ரை வலத்தோள் ஏன் பிள்ளை இறங்கிக் கிடக்கு?"

படம் எடுத்தவள் போனைச் சரித்துப் பிடித்துவிட்டாள் என்றாள்.

"போன் சரிஞ்சால் சுவரும் சரியும். சுவர் நேராய்த்தான் நிக்குது."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "கடை எண்டு சொன்னது பொய்யம்மா" என்றாள். "ஹொட்டேல் பெட்சீற் தோய்க்கிற இடத்திலைதான் நிக்கிறன். ஈரத்துணி மூட்டையை வலப்பக்கம்தான் தூக்கிறனான்."

அந்தப் பாசையூர்ப் பெடியனும் அங்கேதான் துணி ஏற்றுகிற வான் ஓடுகிறானாம். அவனைப் பிடித்ததே, கண்டால் ஓடிவந்து மூட்டையை வாங்குவான் என்பதாலாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா."

அவள் யாழ்ப்பாணம் கம்பஸுக்கு எடுபட்டு இங்கே திருநெல்வேலியில் படித்த காலத்தில், காற்றுக் கடலென்று மற்றவர்கள் கரையில் நின்ற நாட்களிலும் இவர் தொழிலுக்குப் போனார். என் பிள்ளை பாரம் தூக்கிப் பிழைக்கக் கூடாது என்று சந்தியில் நின்று எல்லாருக்கும் சொல்லுவார். அதை நினைத்துத்தான் அவள் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருடமாக அவள் வரவில்லையே என்று மட்டும்தான் நான் அழுதிருக்கிறேன். அங்கே அவள் எப்படி இருக்கிறாள் என்று அழ வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்றைக்கு அழுதேன்.

சட்டையைப் பற்றி இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, வலத்தோளுக்கு உள்ளே பஞ்சு அடைத்த ஒரு பாட் வைத்துத் தைக்கச் சொன்னாள், படத்தில் தோள் நேராகத் தெரியட்டும் என்று. மற்றது: "இந்த ஒருக்காவது எனக்கு அளவாத் தையுங்கோ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் வாசலடியில் அதே இடத்தில் இருந்தார். வலையூசி அசையாமல் கையில் கிடந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் மறுபடி பொத்தத் தொடங்கினார்.

இரண்டு தாள்கள்

புது மட்டைத்தாள் விரித்து, பழைய பற்றனை அதன்மேல் வைத்துக் கீறினேன். முதுகுத் துண்டின் மேற்பக்கத்தில் குறுக்கே வெட்டி, கொஞ்சம் விரித்து ஒட்டினேன், கூனலுக்கு இடம் வேண்டுமே. கையை நெடுக வெட்டி மேற்பகுதியை அகட்டினேன். இதெல்லாம் பழகின வேலை. தோளில் வந்து நின்றுவிட்டேன். எவ்வளவு இறக்குவது? படத்தில் பார்த்துச் சொல்ல ஏலாது. அவளை மறுபடியும் சுவரோடு நிற்க வைத்து அளக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன்.

இவர் வலையை ஒதுக்கிவிட்டு எழும்பி வந்து மேசையடியில் நின்றார்.

"என்ரை சேட்டின்ரை தாளை எடுத்து வைச்சுப் பாரும்" என்றார்.

தன் தோள் இறங்கியது முப்பது வருடமாக அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கடைச் சேட்டுக்கு ஏசினதெல்லாம் எனக்காகத்தானா என்று கேட்கவில்லை. தாளை எடுத்து வந்தேன். மகளின் தாளுக்கு மேல் தகப்பனின் தாளை, கழுத்துப் புள்ளியோடு கழுத்துப் புள்ளி வைத்துப் பிடித்தேன். அவர் ஒரு மூலையை அமத்திப் பிடித்தார். அவரின் தோள் கோட்டை அப்படியே அவளின் தாளில் இழுத்தேன். அரை அங்குலம். தோளை இறக்கினால் கைக்குழியையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கமக்கட்டில் பிடிக்கும். அதையும் இறக்கினேன்.

மறுபடியும் ஒரு பழந்துணிச் சட்டை அனுப்பிப் பார்க்க நாள் இருக்கவில்லை. பாரிசுக்குத் திரும்பப் போகிற ஒரு குடும்பம் அந்த ஞாயிறு வெளிக்கிடுகிறது. இந்தத் தாளை நம்பித்தான் பட்டை வெட்ட வேண்டும். பிழை வந்தால் பிள்ளை கடைச்சட்டை போட்டுக்கொண்டு பலிபீடத்துக்கு முன் நிற்பாள்.

பாட் வைக்கவில்லை. பாட் வைத்தால் அது சட்டையின் தோள், அவளின் தோள் அல்ல. ஏழு வருடம் உழைத்த தோளை ஒளிப்பதற்கு நான் துணை போக மாட்டேன் என்று அவளுக்கு எழுதி அனுப்பினேன்.

மற்றதை அவள் சொன்னபடி செய்தேன். இரண்டு பக்கமும் வழக்கம்போல உள்ளே துணி விட்டுத்தான் வெட்டியிருந்தேன், கை தானாக விட்டுவிட்டது. தைத்து முடித்த பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்த இரண்டு விரல் துணியையும் ஒட்ட நறுக்கினேன். அவள் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து மற்றப் பெட்டையளுக்கு நறுக்கின மாதிரி. கத்தரி கறுக்கு முறுக்கென்று போனது. என் வாழ்க்கையில் அவளுக்கென்று அளவாகத் தைத்த முதல் சட்டை.

உள்ளுக்குத் துணி

கல்யாணத்துக்கு முதல்நாள் அவள் எடுத்தாள். சட்டை வந்து சேர்ந்தது, நாளைக்குத்தான் போடப் போகிறேன் என்றாள். பயத்தில் போட்டுப் பார்க்கவில்லையாம். போனை இவரிடம் கொடுத்தேன். வழக்கத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் போனில் கதைக்காத மனிசன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"வலத்தோளுக்கு உப்பு வறுத்து ஒத்தடம் குடு பிள்ளை. நான் அப்பிடித்தான் செய்யிறனான்."

"ஓமப்பா" என்றாள்.

கல்யாணம் எங்களுக்குப் பின்னேரம். போனைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்து, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு வைத்துப் பார்த்தோம். இவர் பூசைக்குப் போகிற சேட்டைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள், மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். அவள் பலிபீடத்தை நோக்கி நடந்தபோது ஒரு சுருக்கமும் இல்லை. வலத்தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. துணி அதோடு சேர்ந்து இறங்கியிருந்தது. எட்டிப்போய்த் தொட வேண்டும் போல ஒரு ஆசை வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், போனைத் தொட்டேன். படம் நின்றுபோய்விட்டது. எல்லாரும் ஏசினார்கள்.

மூன்றாம் நாள் எடுத்தாள். சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டு எடுத்திருக்கிறாள். மடியில் கிடந்தது, உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பியபடி. சட்டை எப்படி என்று கேட்டேன். நல்லாக இருந்தது, எல்லாரும் எந்தக் கடை என்று கேட்டார்கள் என்றாள். ஆனால் குரல் சரியில்லை. தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உள்ளுக்குத் துணி விடேல்லையோ அம்மா?"

நீதானே அளவாகத் தைக்கச் சொன்னாய் என்றேன்.

"ஓம், சொன்னனான்தான்." நறுக்கின ஓரத்தைப் போனுக்குக் கிட்டக் காட்டினாள். "நான் இனி வரமாட்டன் எண்டு நினைச்சிட்டியளோ?"

பிறந்ததிலிருந்து பெரிதாகத் தைத்து அவளை அழ வைத்தேன். ஒரே ஒரு தடவை அளவாகத் தைத்தேன், அதற்கும் அழுகிறாள். இவர் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார்.

அவளின் புதுப் பற்றனைச் சுருட்டி வைத்திருக்கிற உறை அங்கேதான் இருக்கிறது. நறுக்கிய அந்த இரண்டு பட்டுத் துண்டையும் நான் அதற்குள் வைத்ததை அவர் கண்டிருக்க வேண்டும். எடுத்து வந்தார்.

"துணி என்னட்டைக் கிடக்கு பிள்ளை" என்றேன். "நீ வா. வந்து நில். நான் வைச்சுத் தைச்சு விடுறன்."

இவர் அந்த இரண்டு துண்டையும் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தாள்.

"இன்னும் கிட்டப் பிடியுங்கோ அப்பா" என்றாள். "வடிவாத் தெரியேல்லை."